பயந்தாங்கி

“பெல்ட்டு இறுக்கமா இருக்காக்கா?”

“இருக்கு.”

“இன்னும் ஒரு ஓட்டை தள்ளிப் போடவா?”

“மூச்சு விட வேண்டாமாலே நான்? போதும், விடு.”

ஐகோர்ட்துரை சிரித்துக்கொண்டே எழுந்தான். மீட்பு வண்டி கோவில்பட்டியைத் தாண்டிப் புறவழிச்சாலையில் குலுங்கிக்கொண்டு போனது. வண்டியின் பின்கட்டில், தரையோடு முடுக்கிய நாற்காலியில், இடுப்பிலும் மார்பிலும் வார் மாட்டித் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று. துரையின் தலைக்கவசத்துக்குள்ளும் அதே போல ஒன்று இருந்தது.

ஓட்டுநர் மிக்கேல் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கடற்கரைப் பக்கம் படகுத் தீயாக அணைத்துப் பழகியவர், இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்து இதுதான் முதல் அழைப்பு.

“ஏன் தாயி, ஒன்னய எதுக்குக் கட்டிப் போடுதான்? நீ தீக்குள்ள போகலையே?”

“எறங்கி ஓடிரக் கூடாதுல்லா அண்ணாச்சி, அதுக்கு.”

“எதுக்கு ஓடணும்?”

“அவன் பயமெல்லாம் எனக்கு வந்துரும்.”

“வெளங்கலையே.”

துரை முன்னால் குனிந்து சொன்னான்: “இப்ப நான் உள்ள போறேன்னு வைங்க. பயந்தா என்ன ஆவும்? மூச்சு வாங்கும். முதுகுல கெடக்க காத்து பாதியிலேயே தீந்துரும். கை நடுங்குனா ஊசி போட முடியாது. அதனால என் பயத்த இந்த வளையம் உறிஞ்சி அக்காவுக்கு அனுப்பிரும். நான் பாட்டுக்கு ரேஷன் கடைக்குப் போறாப்புல போயிட்டு வருவேன்.”

“பயத்த அப்படியே அழிச்சிப்புட வேண்டியதுதான? அத எதுக்குக் கொண்டாந்து இன்னொரு ஆளு தலையில கொட்டணும்?”

“மொதல்ல அப்படித்தான் செஞ்சாவ,” என்றாள் புஷ்பம். “மாத்திரை குடுத்து அனுப்புனாவ. தளம் எரிஞ்சு தொங்குது, அதும் மேலயே நடந்து போயிட்டானுவ. பயமே இல்லன்னா நிக்கணும்னு தோணாதுல்லா? அதான், யாராவது ஒராளு பயந்துக்கிட்டு இருக்கணும். எனக்குத் தாங்க முடியாமப் போச்சுன்னா, ‘வெளிய வா’ன்னு சொல்லுவேன். சொன்னா வந்துரணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

“அப்போ முன்ன மாதிரி ரெண்டு ரெண்டு பேரா உள்ள போறது கெடையாதா?”

“நானும் அவனும்தான் அந்த ரெண்டு பேரு அண்ணாச்சி.”

அரசாணையில் புஷ்பத்தின் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நிலையத்தில் எல்லோரும் ‘பயந்தாங்கி’ என்றுதான் சொல்வார்கள். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவனை ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாரை அறுத்துக்கொண்டு ஓடியவன் பிறகு வேலைக்கே வரவில்லை.

“ஒம் பொண்டாட்டி செல்வக்கனி காலையில எனக்குப் போன் போட்டாலே,” என்றாள் புஷ்பம்.

“என்னத்தச் சொல்லுதா?”

“மொட்டை மாடிச் சொவருல ஏறி ஒம் மவன் நடந்திருக்கான். நீ கீழ நின்னு கை தட்டுனியாமே.”

“நல்லாத்தான்க்கா நடந்தான்.”

“அவ அழுதாலே.”

“ஏன் அழணும்? புள்ள விழலையே?”

அவன் முகத்தில் குறும்பு இல்லை. உண்மையாகவே கேட்டான். தன் சொந்தப் பயமாவது தனக்கு ஒழுங்காக வருகிறது என்றால் புஷ்பம் பதில் சொல்லியிருப்பாள். ஆனால் அதுவும் இல்லை. அவள் கணவருக்கு வயிற்றில் அறுவை நடந்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ கிளம்பியது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை மனதுக்குள் சொன்னாள்: இது என்னுடையது இல்லை. அடங்கிவிட்டது. வந்த பயத்தையெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லியே திருப்பி அனுப்பிப் பழகியதில், வாசலில் நிற்பது யார் என்று பார்ப்பதையே அவள் விட்டிருந்தாள்.

நூற்பாலையின் பஞ்சுக் குடோன் மேலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய தீயணைப்பு வண்டி ஒன்று ஏற்கெனவே வந்து, கூரையின் ஓட்டை வழியாக உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒருவர் ஓடிவந்தார்.

“எல்லாரும் வெளிய வந்துட்டாவ சார். வேலாண்டி மட்டும் வரல. லோடுமேன். அந்த மூலையில பஞ்சுப் பேல் மூட்டை அடுக்கிக்கிட்டு இருந்தான்.”

“சத்தம் கேக்குதா?”

“இப்பக் கொஞ்சம் முன்னால வரைக்கும் கேட்டுச்சு.”

“அண்ணாச்சி, வண்டிய சொவத்த ஒட்டி நிறுத்துங்க,” என்றான் துரை. “தள்ளி நின்னா வளையம் எட்டாது.”

மிக்கேல் பக்கச்சுவரை உரசுகிற மாதிரி நிறுத்தினார். அந்தச் சுவரிலேயே சின்னக் கதவு ஒன்று இருந்தது. துரை முகமூடியை மாட்டினான். வேலாண்டிக்கென்று இன்னொரு முகமூடியும் அதே சிலிண்டரில் தொங்கியது. புஷ்பத்தின் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, புகைக்குள் குனிந்து போனான்.

வந்தது.

துரையின் பயம் எப்போதும் முழங்காலில்தான் தொடங்கும். இரண்டு முழங்காலுக்குள்ளும் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல ஆகும். பிறகு அது தொடை வழியாக ஏறி வயிற்றில் வந்து நிற்கும். எத்தனையோ பேருடைய பயத்தைத் தாங்கியிருக்கிறாள். ஒருவனுக்கு அது பல்லில் தொடங்கும், இன்னொருத்திக்கு உள்ளங்கையில். துரையுடையது முழங்கால். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

“அக்கா, பேசிக்கிட்டே இருங்க,” என்றான் துரை, அவள் மடியிலிருந்த வாக்கி-டாக்கியில்.

“என்ன தெரியுது?”

“ஒன்னும் தெரியல. பொகைதான். பேல் சந்து வழியாப் போறேன். கீழ தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. சுடுது.”

“எவ்வளவு சுடுது?”

“கால் கழுவுற சூடு.”

புஷ்பத்தின் பற்கள் கிட்டித்தன. இது என்னுடையது இல்லை. இது என்னுடையது இல்லை. வார்கள் நெஞ்சை அறுத்தன. சன்னல் வழியாகக் குடோன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை.

“ஆளு இருக்காருக்கா! கால் மேல பேல் கெடக்கு. அண்ணாச்சி, இந்தாங்க, இத மூஞ்சில மாட்டுங்க. கத்தாதிய, காத்து வீணாப் போவும். என்னது? அங்கன போக வேண்டாமா? அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், சும்மா இருங்க.”

“என்ன சொல்லுதாரு?”

“என்னமோ சொல்லுதாரு. கம்பி போட்டு நெம்புதேன். வருது… வருது…”

பெரிய பொருள் ஒன்று விழுகிற சத்தம் வாக்கியிலும் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் கேட்டது.

பயம் நின்றது. மின்சாரம் போனதும் மின்விசிறி நிற்பது போல, முழங்காலில் இருந்த குளிர் காணாமல் போனது.

துரையின் பயம் அப்படி நிற்பதற்கு இரண்டே வழிதான். ஒன்று, அவன் வெளியே வந்திருக்க வேண்டும். கதவில் புகையைத் தவிர யாருமில்லை.

“துரை.”

பதில் இல்லை.

“லே துரை! ஐகோர்ட்டு!”

வாக்கி கரகரத்தது. நாற்காலிக் கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவளுடைய வளையத்துக்கு மின்சாரம் வருவதை மட்டுமே காட்டும். உள்ளே இருப்பவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்போது மறுபடி வந்தது. இதுவரை அவள் தாங்கியதிலேயே பெரியது. தொண்டையில் கட்டியாக ஏறி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. புஷ்பம் நாற்காலியில் சாய்ந்தாள்.

“என்ன தாயி? என்ன ஆச்சு?” மிக்கேல் வண்டியின் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“உசுரோட இருக்கான் அண்ணாச்சி. பயம் வந்துட்டு. அப்பாடா.”

“கண்ணுல தண்ணி வடியுதே ஒனக்கு?”

“எனக்கில்ல, அவனுக்கு.” இது என்னுடையது இல்லை, என்றாள் உள்ளுக்குள். இந்த முறை அது அடங்கவில்லை. 

வாக்கி பேசியது. துரையின் குரல்தான். ஆனால் அவள் இதுவரை கேட்டிராத குரல்.

“அக்கா… எனக்கு என்னமோ செய்யுது.”

“என்னலே செய்யுது?”

“பேல் சரிஞ்சு தலையில விழுந்துச்சு. அதுல ஒன்னும் இல்ல. ஆளையும் பேலுக்கு அடியிலருந்து இழுத்துட்டேன். ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்குது. வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. மூச்சு பத்தல. அக்கா, இது மாரடைப்பு.”

“நெஞ்சு வலிக்குதா?”

“வலி இல்ல. அடைக்குது. எத்தன பேருக்குப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? செத்துருவோம்னு தோணுதுக்கா. அப்படித் தோணுனா அதுதான்னு பாடத்துலயே உண்டுல்லா?”

உண்டு. அவளும் அதே பாடத்தைப் படித்தவள்தான்.

“அசையாத. அப்படியே உக்காரு,” என்றாள்.

“உக்காந்துட்டேன். பையில மாத்திரை இருக்கு. நாக்குக்கு அடியில வைக்கணும். முகமூடியக் கழட்டிட்டுப் போட்டுக்கிடுதேன்.”

மிக்கேல் திடுக்கிட்டார். “அந்தப் பொகைக்குள்ளயா? ரெண்டு மூச்சு இழுத்தா ஆளு முடிஞ்சான் தாயி!”

“துரை, கழட்டாத! கேக்குதா? கையக் கீழ போடு.”

“போடாட்டாலும் செத்துருவேன்லாக்கா.”

அவன் முதுகில் சிலிண்டர் விசில் அடிக்கத் தொடங்கியது. காற்று குறைந்துவிட்டது. இரண்டு பேர் இழுக்கிற காற்று, அதில் ஒருவன் நாய் இளைப்பது போல இளைக்கிறான். விசிலுக்கு நடுவே அவன் கையுறை முகமூடியின் வாரைத் தேடி உரசுவது கேட்டது.

அவனைப் பேச வைக்க வேண்டும். பேசுகிற வரைக்கும் கழற்ற மாட்டான். அதற்காகத்தான் கேட்டாள்.

“எங்க ஆரம்பிச்சுதுலே? மொதல்ல எங்க? எடது கையிலயா?”

“கையில இல்லக்கா.”

“தாடையிலயா?”

“இல்ல. முழங்கால்ல.”

“எங்க?”

“முழங்கால்ல. ரெண்டுலயும். பச்சத்தண்ணிய உள்ள ஊத்துனாப்புல. அப்புறம் தொடையில ஏறுச்சு. இப்ப வயித்துல நிக்குது.”

புஷ்பம் வாருக்குள் குனிந்து தன் முழங்காலைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. குளிரே இல்லை.

“லே,” என்றாள். “முகமூடியிலருந்து கைய எடு. அது மாரடைப்பு இல்ல.”

“பின்ன?”

“பயம்.”

“யாருக்கு?”

“ஒனக்குத்தான்.”

“எனக்கா? எனக்கு எப்படிக்கா வரும்?”

“ஒன் வளையம் ஒடஞ்சு போச்சு. அது ஒன் பயம்தான்லே. எனக்கு அத நல்லாத் தெரியும். ஒன் கல்யாணத்துக்கு முன்னாலருந்து நான்தான வச்சிருந்தேன்? முழங்கால்ல வரும், வயித்துல நிக்கும், அங்கருந்து மேல ஏறாது. ஒன்னய ஒன்னும் செய்யாது. எந்திரி.”

“இது… இப்படியாக்கா இருக்கும்?”

“இப்படித்தான் இருக்கும்.”

“இதையா நீங்க தெனமும்…” அவன் முடிக்கவில்லை. விசிலுக்கு நடுவே அவன் அழுவது கேட்டது. பிறகு கேட்டான்: “ஏன்க்கா, என் பயம் எங்கிட்ட இருந்தா, நீங்க எதுக்கு இப்படி நடுங்கிக்கிட்டுப் பேசுதிய?”

புஷ்பம் முகத்தைத் தொட்டாள். கன்னம் நனைந்திருந்தது. தொண்டையில் கட்டி அப்படியே நின்றது. அது யாரோ அனுப்பியது இல்லை. அப்படியென்றால் எதைப் பார்த்து வந்தது? இவ்வளவு நேரம் அவள் கண் எங்கே இருந்தது?

சன்னலுக்கு வெளியே சுவர் இருந்தது. நேராக இருக்கவேண்டிய சுவர். நடுவில் அது நிறைமாதப் பிள்ளைத்தாச்சி வயிறு போல வண்டியை நோக்கித் தள்ளிக்கொண்டு நின்றது. காரை பெயர்ந்து பொலபொலவென உதிர்ந்துகொண்டிருந்தது.

பஞ்சுப் பேல் தண்ணீர் குடித்தால் ஊதும். இந்த வட்டாரத்தில் தீயணைக்க வந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஊதுகிற பேல் ஒன்றையொன்று நெருக்கும், கடைசியில் சுவரை வெளியே தள்ளும். இவர்கள் வருவதற்கு முன்பிருந்தே தண்ணீர் கொட்டுகிறார்கள். அவள் கண் அதைப் பார்த்துவிட்டது, உடம்பு கத்திவிட்டது. அவள்தான் அதை இன்னொருவன் கணக்கில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணாச்சி! வண்டிய எடுங்க! சொவர் விழப் போவுது!”

“அந்தப் பய உள்ள இருக்கானே?”

“எடுங்கங்கேன்!”

அவள் விரல் வாரின் கொக்கியில் வழுக்கியது. அவசரத்துக்குக் கழலாத மாதிரி செய்த கொக்கி அது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடுங்கினாள். வளையத்தைத் தலையிலிருந்து இழுத்து எறிந்துவிட்டு, ஓடத் தொடங்கிய வண்டியிலிருந்து குதித்தாள். வாக்கி கையில் இருந்தது.

“துரை, வந்த வழியா வராத! அந்தச் சொவர் போயிரும்!”

“வேற வழி தெரியாதேக்கா. எனக்கு ஒன்னும் தெரியல, பயமா இருக்குக்கா, ஐயோ பயமா இருக்கு…”

“பயமாத்தான் இருக்கும். இருக்கட்டும். பக்கத்துல இருக்க மனுசன்ட்ட கேளு!”

வாக்கியில் இரண்டு குரல்கள் கலந்து கேட்டன. முகமூடிக்குள்ளிருந்து வேலாண்டி கத்தினார்: “அதத்தான் சார் நான் அப்பப் பிடிச்சுச் சொல்லுதேன்! பின்னால லாரி வாசல் இருக்கு! ஷட்டர் போட்டிருக்கு!”

புஷ்பம் ஓடினாள். சேலை இல்லை, சீருடைதான் போட்டிருந்தாள், இருந்தும் கால் பின்னியது. எத்தனை தீக்கு வந்திருக்கிறாள், ஒரு தீயின் முன்னாலும் தரையில் நின்றதில்லை. குடோனின் பின்பக்கம் இரும்பு ஷட்டர் கீழ்வரை இறங்கியிருந்தது. மேஸ்திரி சாவியோடு வந்தார். பூட்டு திறந்தது, ஷட்டர் அசையவில்லை. அவள் கீழே கிடந்த செங்கல்லை எடுத்து ஷட்டரில் அடித்தாள்.

“துரை! இந்தச் சத்தம் கேக்குதா? இதப் பாத்து வா!”

“கேக்குதுக்கா. நிறுத்தாதிய. நிறுத்திராதிய.”

அவள் நிறுத்தவில்லை. மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள். வாக்கியில் விசில் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. பிறகு விசிலும் இல்லை. அவளுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கட்டிப்போட வார் எதுவும் இல்லை. ஓடலாம். செங்கல்லை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. புகையோடு ஒரு கையுறை வெளியே வந்தது. அவள் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடித்தாள். கை அவளைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்குவது போலிருந்தது. மறுகையால் அவன் தள்ளிவிட முதலில் வேலாண்டி வந்தார், பின்னால் துரை. வெளியே உருண்டதும் முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு மண்ணில் கவிழ்ந்து காற்றை விழுங்கினான்.

குடோனின் அந்தப் பக்கம் சுவர் சாய்ந்தது. காலுக்கடியில் தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது.

மிக்கேல் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒரு பக்கத் தகரம் முழுக்கச் செங்கல் கீறியிருந்தது. அவர் இறங்கியதும் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு ஸ்டிரெச்சரை இழுத்தார். வேலாண்டியின் வலது கால் கணுக்காலுக்கு மேல் நசுங்கி வீங்கியிருந்தது. அவரைப் பின்கட்டில் ஏற்றினார்கள்.

“நரம்புல ஊசி போட்டு டிரிப்ஸ் ஏத்தணும்,” என்றாள் புஷ்பம். “வலிக்கு மருந்தும் குடுக்கணும். நாடி கொறையுது.”

அது துரையின் வேலை. துரை ஊசியை எடுத்தான். ஊசி அவன் விரலுக்கிடையில் தந்தி அடித்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். இரண்டும் ஆடின.

“அக்கா,” என்றான் மெதுவாக. “பெட்டியில புது வளையம் இருக்குல்லா? அத நான் மாட்டிக்கிடுதேன், ஒங்களத நீங்க மாட்டிக்கிடுங்களேன். கொஞ்ச நேரம். ஊசி போடுற வரைக்கும்.”

மிக்கேலும் சொன்னார்: “ஆமா தாயி, அதான நல்லது? அவன் கை நிக்கவே மாட்டேங்குதே.”

நாற்காலி வார் அவிழ்ந்து கிடந்தது. புஷ்பம் அதைப் பார்த்தாள்.

“முடியாதுலே.”

“அக்கா, தாங்க முடியலக்கா.”

“எனக்கும்தான் தாங்க முடியல. இந்தா, என் கையப் பாரு.”

அவள் நீட்டிய கையும் ஆடிக்கொண்டிருந்தது. துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது யாருதுக்கா?”

“என்னோடது. இப்பதான் தெரியும்.”

“எப்பப் போவும் இது?”

“ஒன்னோடது நீ வெளிய வந்து வளையத்தக் கழட்டுனா எனக்குப் போயிரும். சொந்தமா வந்தா எப்பப் போவும்னு எனக்கும் தெரியாது.”

“இவிய ரெண்டு பேரும் என்ன பேசுதாவ?” என்று வேலாண்டி படுத்தபடியே மிக்கேலைக் கேட்டார்.

“ஒன்னுமில்லய்யா. ஊசி போடணும், அவன் பயப்படுதான்.”

வேலாண்டி தலையை லேசாகத் தூக்கித் துரையைப் பார்த்தார். முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“சார், ஒன்னு சொல்லட்டா? நீங்க மொதல்ல உள்ள வந்தியள்லா, அப்ப என்ன கேட்டிய தெரியுமா? ‘சாப்டாச்சா அண்ணாச்சி’ன்னு கேட்டிய. சுத்தி எரியுது, என் கால் மேல பேல் கெடக்கு, சிரிச்ச மொகமா ஒருத்தன் வந்து சாப்டாச்சாங்கான். எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. தீயக் கண்டுகூட நான் அப்படிப் பயப்படல. மனுசன் இல்ல இது, வேற என்னமோ கூட்டிட்டுப் போக வந்திருக்குன்னு நெனச்சேன்.”

துரை பஞ்சை எடுத்து அவர் முழங்கையைத் துடைத்தான்.

“பெறவு ஒங்க கை வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுது பாருங்க. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. சரி, இந்த ஆளுக்கும் வீட்டுக்குப் போகணும் போல இருக்கு, நம்மளயும் கூட்டிட்டுப் போயிருவாம்னு.”

புஷ்பம் வேலாண்டியின் முழங்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். நரம்பு புடைத்தது. துரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியைக் கொண்டுபோனான். தோலுக்கு மேல் அது தயங்கி, ஆடி, பக்கத்தில் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

“ஆத்தே!” என்று அலறினார் வேலாண்டி.

“தப்பிட்டு அண்ணாச்சி. மன்னிச்சிருங்க.”

“அதுக்கென்ன,” என்றார் அவர், கையை விலக்காமல். “இன்னொருக்கக் குத்துங்க.”